எத்தனை டன் கிரேன்? நகரும் பாரந்தூக்கியின் தூக்குதிறன் வரலாறு

நகரும் கிரேன் என்பது ஓரிடத்தில் நிலையாக நிற்காமல், சக்கரங்களிலோ சங்கிலிப்பட்டையிலோ வேலை நடக்கும் இடத்துக்கே சென்று பாரம் தூக்கும் எந்திரம். பாரந்தூக்கி, பளுதூக்கி என்ற சொற்கள் தமிழில் உண்டு. ஆனாலும் பேச்சில் கிரேன் என்பதே நிலைத்துவிட்டது. 14 டன் கிரேன், 40 டன் கிரேன், 100 டன் கிரேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். வாடகைக்குக் கேட்பவரும் அந்த எண்ணைத்தான் கேட்கிறார். அந்த எண் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பது தெரியாமல் போனதால் நேர்ந்த இழப்புகள் பல.

2023 ஜனவரி 22 அன்று இரவு, இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலியை அடுத்த கீழ்வீதி கிராமத்தில் மண்டியம்மன் கோயில் மயிலேறும் திருவிழா நடந்தது. கிரேனில் தொங்கியபடி பக்தர்கள் அம்மனுக்கு மாலை சாத்துவது அங்கு நேர்த்திக்கடன். அன்று அந்தக் கிரேன் கூட்டத்தின் நடுவே கவிழ்ந்தது. நான்கு பேர் இறந்தனர். சமமில்லாத தரையில் அது நிலைதடுமாறியது என்று அப்போதைய செய்திகள் கூறின. கொக்கியில் இருந்த சுமையோ சில மனிதர்களும் மாலைகளும் மட்டுமே. எல்லாம் சேர்த்தாலும் ஒரு டன்னை எட்டாது. பல டன் தூக்கும் என்று பெயர்பெற்ற எந்திரம் ஒரு டன்னுக்கும் குறைவான சுமையோடு விழுவது எப்படி? கிரேனின் வரலாற்றில் இந்தக் கேள்வி பலமுறை எழுந்திருக்கிறது.

சென்னைத் துறைமுகத்தின் டைட்டன்கள்

நம் ஊர் பார்த்த முதல் பெரிய நகரும் கிரேன்களில் சென்னைத் துறைமுகக் கட்டுமானத்துக்கு வந்த டைட்டன்களைச் சொல்ல வேண்டும். வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் வகுத்த திட்டப்படி, கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியது போல அலைதடுப்புச் சுவர்கள் கட்ட முடிவாயிற்று. 1875 டிசம்பர் 15 அன்று வேல்ஸ் இளவரசர் (பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர்) அதற்கு அடிக்கல் நாட்டினார். கரையில் வார்த்த கான்கிரீட் பாளங்களைச் சுவரின் மேலேயே போட்ட தண்டவாளத்தில் கொண்டு சென்று, சுவரின் நுனியில் நிற்கும் டைட்டன் கிரேன் தூக்கிக் கடலில் இறக்கும். சுவர் நீள நீளக் கிரேனும் முன்னே நகரும். தான் போட்ட பாதையிலேயே தான் நடந்து போகும் எந்திரம் அது.

1881 நவம்பரில், வேலை ஏறக்குறைய முடிந்த நிலையில், புயல் வந்தது. அரை மைல் நீளத்துக்கு அலைதடுப்புச் சுவர் சிதைந்தது. மேல் இரண்டு வரிசைப் பாளங்கள் துறைமுகத்துக்குள்ளேயே வீசப்பட்டன. டைட்டன் கிரேன்கள் இரண்டும் கவிழ்ந்தன. அவை அப்போது அளவுக்கு மீறி எதையும் தூக்கிக்கொண்டிருக்கவில்லை. கீழே இருந்த சுவர் போயிற்று, மேலே இருந்த கிரேனும் போயிற்று. கிரேனின் தூக்குதிறன் அது நிற்கும் இடத்தையும் சேர்த்ததுதான் என்பதற்குச் சென்னைக் கடற்கரையில் கிடைத்த விலையுயர்ந்த சான்று இது.

தண்டவாளத்திலிருந்து சாலைக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிரேன்கள் பெரும்பாலும் நீராவியில் இயங்கின, தண்டவாளத்தில் ஓடின. தண்டவாளம் இல்லாத இடத்துக்கு அவை போக முடியாது. அந்தக் குறையே ஒருவகையில் பாதுகாப்பாகவும் இருந்தது: பாதை போட்டவர்கள் தரையையும் கெட்டிப்படுத்தியிருப்பார்கள்.

1879-இல் ஹென்றி கோல்ஸ் லண்டனில் தொடங்கிய நிறுவனம் 1922-இல் பெட்ரோல்-மின்சார முறையில் இயங்கும் கிரேனை ஒரு லாரியின்மேல் ஏற்றிச் சாலைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் விழுந்த விமானங்களை அப்புறப்படுத்தவும் எந்திரங்களை மாற்றவும் பிரிட்டிஷ் விமானப்படை கோல்ஸ் கிரேன்களைப் பெருமளவில் பயன்படுத்தியது. போருக்குப் பின் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிரேன்கள் வந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக நீளும் பூம், நான்கு பக்கமும் விரிந்து தரையில் ஊன்றும் அவுட்ரிகர் கால்கள் (நம் தளங்களில் பேச்சுவழக்கில் ஜாக்கி) ஆகியவை பொதுவாயின. வண்டி வந்து சில நிமிடங்களில் தூக்கத் தயாராகிவிடும். இந்தியாவில் 1960-களில் கொல்கத்தாவை அடுத்த காமர்ஹாட்டியில் கோல்ஸ் கிரேன்கள் தயாராகத் தொடங்கின.

எங்கும் போகலாம் என்ற வசதி வந்ததும், எங்கு நின்றாலும் அதே எடையைத் தூக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது. தவறு அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணின் பொருள்

பத்தாம் வகுப்பில் விசையின் திருப்புத்திறன் நடத்தும்போது சீசாப் பலகையை எடுத்துக்காட்டுவோம். கிணற்று ஏற்றத்தைக் கண்டவர்கள் அதையே நினைத்துக்கொள்ளலாம். விசையை அது செயல்படும் தொலைவால் பெருக்கினால் வருவது திருப்புத்திறன். கிரேனும் ஒரு சீசாப் பலகைதான். ஒருபக்கம் கொக்கியில் தொங்கும் சுமை. மறுபக்கம் கிரேனின் சொந்த எடையும் பின்னால் வைத்த எதிர் எடையும். நடுவே கவிழும் விளிம்பு, அதாவது சுமைப் பக்கத்து அவுட்ரிகர் கால்கள்.

40 டன் கிரேன் என்றால், பூமை மிகக் குறுக்கி, சுமையைத் தன் உடலுக்கு மிக அருகே, ஏறத்தாழ 3 மீட்டர் தொலைவில் வைத்துத் தூக்கும்போது 40 டன் என்று பொருள். இந்தத் தொலைவை ஆரம் என்பார்கள். கிரேன் சுழலும் மையத்திலிருந்து கொக்கி வரை உள்ள கிடைத் தொலைவு அது. வண்டியின் ஓரத்திலிருந்து அளப்பது தளங்களில் அடிக்கடி நேரும் பிழை. 40 டன்னை 3 மீட்டரால் பெருக்கினால் 120. அதே 120-ஐ 12 மீட்டரால் வகுத்தால் 10 டன். அதாவது 12 மீட்டர் ஆரத்தில் அந்தக் கிரேன் 40 டன் கிரேன் அன்று, 10 டன் கிரேன். உண்மையில் 10 டன்கூட வராது, ஏனென்றால் நீண்ட பூமின் சொந்த எடையும் முன்பக்கமாகவே சாய்கிறது. இது மாணவர்களுக்கான எளிய கணக்கு மட்டுமே. சரியான எண்ணை அந்தக் கிரேனுக்கென்று தயாரிப்பாளர் தந்த சுமை அட்டவணையில்தான் பார்க்க வேண்டும்.

அந்த 10 டன்னிலும் கழிக்க வேண்டியவை உண்டு. கொக்கிக் கட்டை, கம்பிவடம், பெல்ட், ஷாக்கிள், சுமையை நேராகப் பிடிக்கும் குறுக்கு உத்திரம் எல்லாமே கிரேனைப் பொறுத்தவரை சுமைதான். 8 டன் எந்திரத்துடன் இவை ஒன்றரை டன் சேர்ந்தால் தூக்கும் எடை ஒன்பதரை. மேலும், தூக்கும் இடத்து ஆரத்தைப் பார்த்துவிட்டு இறக்கும் இடத்து ஆரத்தை மறப்பவர்கள் உண்டு. லாரியிலிருந்து எடுக்கும்போது 6 மீட்டர், மாடியில் வைக்கும்போது 14 மீட்டர் என்றால் 14-க்குத்தான் கிரேன் பார்க்க வேண்டும். சுமை ஏறியதும் பூம் சற்று வளையும். அதனால் ஆரம் தானாகவே கொஞ்சம் கூடும்.

அட்டவணையில் உள்ள எண் கிரேன் கவிழும் எடை அன்று. அதற்கு முன்பே நிறுத்தப்பட்ட எல்லை. அமெரிக்க வழக்கில் சங்கிலிப்பட்டைக் கிரேனுக்குக் கவிழும் சுமையில் 75 விழுக்காடும், அவுட்ரிகர் ஊன்றிய கிரேனுக்கு 85 விழுக்காடும் எல்லை. மீதி 25, 15 விழுக்காட்டை 'கம்பெனி வைத்த மிச்சம்' என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் சில தளங்களில் இருந்தது. பழைய ஓட்டுநர்கள் பின்பக்கக் கால் தரையை விட்டு இலேசாகக் கிளம்புவதை உடம்பாலேயே உணர்ந்து சுமையை இறக்கிவிடுவார்கள். அந்த அனுபவம் பெரிய திறமைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது அட்டவணையின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும். குறைந்த ஆரத்தில் எல்லையை நிர்ணயிப்பது கவிழ்தல் அன்று, பூமின் வலிமை. அங்கு அளவை மீறினால் பின்கால் கிளம்பாது, எச்சரிக்கை எதுவும் இராது, பூம் ஒடியும். பல அட்டவணைகளில் இந்த இரு பகுதிகளையும் ஒரு தடித்த கோடு பிரிக்கிறது.

பாம்பனும் சம்ரூத்பூரும்

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தின் 126 கண்களின் இரும்பு உத்திரங்களைக் கடலுக்குள் தள்ளியது. கப்பலுக்கு வழிவிடும் நடுப்பகுதி தப்பியது. சீரமைப்புக்கு ஆறு மாதம் என்று முதலில் கணக்கிட்டார்கள், பின்பு மூன்று மாதமாகக் குறைத்தார்கள். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலடியில் கிடந்த உத்திரங்களைத் தூக்கியெடுத்து மீண்டும் தூண்களின்மேல் வைத்ததே அந்த வேகத்துக்குக் காரணம்.

45 ஆண்டுகள் கழித்து அதே ஸ்ரீதரன் தில்லி மெட்ரோவின் தலைவராக இருந்தார். 2009 ஜூலை 12 அதிகாலை, தெற்குத் தில்லியின் சம்ரூத்பூரில், கட்டிக்கொண்டிருந்த தூணின் தலைப்பகுதி உடைந்து, பாலத் துண்டுகளைத் தூக்கிப் பொருத்தும் பெரிய இரும்புச் சட்டம் கீழே விழுந்தது. ஆறு பேர் இறந்தனர். பொறுப்பேற்று ஸ்ரீதரன் அன்றே பதவி விலகல் கடிதம் கொடுத்தார், மறுநாள் முதலமைச்சர் ஷீலா தீட்சித் கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றார். அந்த மறுநாள்தான் நம் பொருளுக்கு முக்கியம். விழுந்து கிடந்த சட்டத்தை அகற்றப் பெரிய நகரும் கிரேன்கள் வரவழைக்கப்பட்டன. தூக்கும்போது ஒன்று தோற்றது. அடுத்தடுத்து மற்றவையும் சாய்ந்தன. தொலைக்காட்சிக் கேமராக்கள் அதைப் படம் பிடித்தன. மேலும் சிலர் காயமடைந்தனர்.

பாம்பனில் இருந்த வசதிகளுடன் ஒப்பிட்டால் தில்லியில் இருந்தவை ராட்சத எந்திரங்கள். ஆனால் பாம்பன் உத்திரங்கள் ஒவ்வொன்றும் 40 அடிக் கண்ணுக்கானவை, ஒரே அச்சில் வார்த்தது போன்றவை. ஒன்றின் எடை தெரிந்தால் மற்றவற்றின் எடையும் தெரியும். முதல் உத்திரத்தில் கற்ற பாடம் நூறாவது வரை உதவும். சம்ரூத்பூரில் கிடந்தது முறுக்கிச் சிக்கிய இடிபாடு. அத்தகைய சுமையில் எடை மையம் எங்கே இருக்கிறது, எந்தப் பகுதி எதில் மாட்டியிருக்கிறது என்பதைத் தூக்கும்வரை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிக்கு விடுபடும் கணத்தில் சுமை குதிக்கும். பல கிரேன்கள் ஒரே சுமையைப் பங்கிடும்போது ஒன்று தளர்ந்தால் அதன் பங்கு அந்த நொடியே மற்றவற்றின்மேல் ஏறும், பக்கவாட்டு இழுப்பும் சேரும். 50 டன் கிரேன் இரண்டைக் கொண்டு வந்தால் 100 டன் என்பது கூட்டல் கணக்கில் மட்டுமே சரி. கூட்டுத் தூக்கலில் ஒவ்வொரு கிரேனுக்கும் அதன் எல்லையில் முக்கால் பங்குக்கு மேல் கொடுக்காத நடைமுறை பல இடங்களில் இருப்பது இதனால்தான்.

காற்று

1999 ஜூலை 14 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மில்லர் பார்க் விளையாட்டரங்கின் கூரைப்பகுதியை, 'பிக் புளூ' என்று பெயரிட்ட மிகப் பெரிய சங்கிலிப்பட்டைக் கிரேன் தூக்கியது. கிரேனின் பெயரளவுத் திறன் 1500 டன். கூரைத் துண்டின் எடை 450 டன்னுக்குச் சற்றுக் கூடுதல். எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இதில் சிக்கலே தெரியாது. ஆனால் அது பாய்மரம் போல விரிந்த கூரை, அன்று பலத்த காற்று. கிரேனின்மேல் அடிக்கும் காற்றைக் கணக்கிட்டவர்கள் சுமையின்மேல் அடிக்கும் காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தனர்.

2015 செப்டம்பர் 11 அன்று மெக்காவின் பெரிய பள்ளிவாசலில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது கிரேன் எதையும் தூக்கவில்லை. உயர்த்திய நிலையில் விடப்பட்டிருந்த பூமைப் புயற்காற்று சாய்த்தது.

நம் பகுதியின் தரை

பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் வீட்டு மாடிக்கு எந்திரம் ஏற்றுவதும், ஆயத்தச் சுவர்ப் பலகைகளை இறக்குவதும் இப்போது அன்றாடக் காட்சி. அடையாற்றங்கரையை ஒட்டிய ஊர்கள் இவை. தென்சென்னைப் புறநகரில் பழைய ஏரிப்படுகைகளின்மேல் எழுந்த குடியிருப்புகளும் ஏராளம். மேலே தார்ச்சாலை போட்டிருந்தாலும் கீழே களிமண் களிமண்ணாகவே இருக்கும். மூடிய மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடைக் குழியும் கண்ணுக்குத் தெரியாது.

பூம் ஓர் அவுட்ரிகர் காலுக்கு மேலாகத் திரும்பும்போது கிரேன், சுமை இரண்டின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் அந்த ஒரே காலில் இறங்கலாம். 20 டன் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலின் தட்டு 40 சென்டிமீட்டர் சதுரம் என்றால் பரப்பு 0.16 சதுர மீட்டர். அப்படியானால் சதுர மீட்டருக்கு 125 டன் அழுத்தம். அதன் கீழே ஒன்றரை மீட்டர் சதுரத்துக்குக் கெட்டியான மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கினால் அதே 20 டன் 2.25 சதுர மீட்டரில் பரவி, சதுர மீட்டருக்கு 9 டன்னாகக் குறைகிறது. பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளைக் கிரேன்காரர்கள் கூடவே கொண்டுவருவது இதற்காக. அவசரத்தில் இரண்டு செங்கல்லை வைத்துக் கால் ஊன்றுவதையும் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர்கள் அருகிலேயே நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இந்தப் பகுதிக்கே உரிய இன்னொன்று விமான நிலையம். ஓடுபாதையை ஒட்டிய ஊர்களில் கட்டட உயரத்துக்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்று தேவை. கிரேனின் பூம் நுனியும் உயரம்தான். உயரம் கட்டுப்படுத்தப்பட்டால் பூமை நிமிர்த்தித் தூக்க முடியாது, படுத்த கோணத்தில் நீட்ட வேண்டும். நீட்டினால் ஆரம் கூடும். ஆகவே வேறிடத்தில் 40 டன் கிரேன் செய்யும் வேலைக்கு இங்கே அதைவிடப் பெரியது தேவைப்படலாம்.

கல்பாக்கம்

எடையை விடப் பல மடங்கு பெரிய கிரேன் எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கல்பாக்கத்தை நினைவூட்டலாம். அங்குள்ள முன்மாதிரி அதிவேக ஈனுலையின் முதன்மைக் கலன் 2009 டிசம்பர் 5 அன்று உலைக் குழிக்குள் இறக்கப்பட்டது. விட்டம் ஏறத்தாழ 13 மீட்டர், எடை 200 டன்னுக்கு மேல். துருப்பிடிக்காத எஃகாலான அக்கலனின் சுவர், அதன் அகலத்தை நினைத்தால் தாள் போல மெல்லியது. எங்கும் இடிக்கவோ நெளியவோ கூடாது. கட்டடச் சுவருக்கு வெளியே நிற்கும் கிரேன், சுவரைத் தாண்டிக் கையை நீட்டிக் குழியின் நடுவில் இறக்க வேண்டும். இப்படிப்பட்ட வேலையில் கிரேனைத் தேர்வது கடைசி நாள் முடிவு அன்று. எங்கே நிற்கும், எவ்வளவு ஆரம், அந்த ஆரத்தில் எவ்வளவு திறன், கீழே மண் எப்படி என்பவை கட்டடம் வரையும்போதே வரையப்படுகின்றன.

சட்டமும் ஹைட்ராவும்

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 29-ஆம் பிரிவில், பாரம் தூக்கும் எந்திரங்கள் பற்றிப் பேசியது. பாதுகாப்பான சுமையளவு எந்திரத்தில் குறிக்கப்பட வேண்டும், அதை மீறி ஏற்றக் கூடாது, தகுதியுள்ளவர் ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றது. கட்டடத் தொழிலாளர்களுக்காக 1996-இல் வந்த சட்டமும், அதன்கீழ் 1998-இல் வந்த மைய விதிகளும் கட்டுமானத் தளங்களுக்கு இவற்றை விரிவாக்கின. எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கும் தானியங்கிச் சுமைகாட்டியும் அவ்விதிகளில் இடம்பெற்றது. சுமைகாட்டி அடிக்கடி ஒலிப்பது தொந்தரவு என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிடும் ஓட்டுநரைச் சட்டத்தால் மட்டும் திருத்த முடிவதில்லை.

நம் தெருக்களில் மிகுதியாகக் காண்பது ஹைட்ரா. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்து, சுமையைத் தொங்கவிட்டபடியே ஓடும் எல்லாக் கிரேன்களுக்கும் பொதுப்பெயராகிவிட்ட சொல் அது. இதன் பூம் சுழலாது, வண்டியே திரும்ப வேண்டும். திரும்புவதற்கு வண்டியின் உடல் நடுவில் மடிகிறது. மடிந்த நிலையில் கவிழும் விளிம்பு சுமைக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் தூக்குதிறன் குறைகிறது. எனவே நேராக நிற்கும்போது உள்ள அளவும் முழுதாக மடிந்தபோது உள்ள அளவும் வேறு வேறு. 14 டன் ஹைட்ரா என்று கேட்டு வாங்குபவர் இந்த இரண்டாவது அளவைக் கேட்பதில்லை. பழைய அமைப்பில் முன்னால் செல்லும் பூமும் தொங்கும் சுமையும் ஓட்டுநரின் பார்வையை மறைப்பதால் பல பெரிய கட்டுமான நிறுவனங்கள் இவ்வகையைத் தம் தளங்களுக்குள் விடுவதில்லை. ஓட்டுநர் முன்னால் அமரும் புதிய வகைகள் பிறகு சந்தைக்கு வந்தன.

கிரேனே வேண்டாம் என்று முடிவெடுப்பதும் தேர்வில் அடங்கும். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தின் செங்குத்தாக உயரும் நடுக்கண் 72.5 மீட்டர் நீளமும் 600 டன்னுக்கு மேற்பட்ட எடையும் கொண்டது. 1965-இல் உத்திரங்களைக் கடலிலிருந்து தூக்கி வைத்த அதே நீரிணையில், 2024-இல் இதைக் கிரேனால் தூக்காமல், கரைப்பக்கம் கோத்து, தூண்களின்மேல் சிறிது சிறிதாக நகர்த்தியே நடுவிடத்துக்குக் கொண்டு சென்றார்கள். வளைவான பாதையில் அந்த நகர்த்தலுக்குச் சில மாதங்கள் பிடித்தன.